இம்ப்ரோவ் செய்பவர்களும் நடிகர்களும் என்ன படிக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழுதி வைத்த வசனம் இல்லாமல், பார்வையாளர் கொடுக்கும் ஒரு சொல்லை வைத்து மேடையிலேயே காட்சியை உருவாக்குவதுதான் இம்ப்ரோவ். அதைச் செய்பவர்களும், எழுதிய நாடகங்களில் நடிப்பவர்களும் புத்தகம் பற்றிப் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஒரு சார்பு உண்டு. இம்ப்ரோவ் செய்பவர் நடிப்பு நூல்களையும், நடிகர் இம்ப்ரோவ் நூல்களையும் படிக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். பெரும்பாலானோர் தங்கள் பக்கத்துப் புத்தகங்களோடு நின்றுவிடுகிறார்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த நம்பிக்கையிலிருந்து வருபவை.

புத்தகம் படித்து இம்ப்ரோவ் கற்றுக்கொள்ள முடியுமா?

முடியாது. ஆட்களோடு சேர்ந்து ஆடித்தான் கற்க முடியும். ஆனால் ஆடி முடித்தபின், என்ன நடந்தது என்று பார்ப்பதற்குப் புத்தகம் உதவும். ஒரு காட்சி நன்றாகத் தொடங்குகிறது, இரண்டாவது நிமிடத்தில் உயிர் போய்விடுகிறது. ஏன் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரிவதில்லை. மூடு சரியில்லை, எனர்ஜி இல்லை என்று எதையோ சொல்லிக் கலைந்துவிடுகிறார்கள். அதன் பிறகு ஒரு நல்ல நூலைப் படித்தால், கூட நடித்தவர் நீட்டிய ஒரு யோசனையை நீங்கள் தட்டிவிட்ட இடம் சட்டென்று கண்ணில் படும். ஆகவே கொஞ்சம் ஆடிப் பார்த்துவிட்டுப் படியுங்கள். மேடையே ஏறாதவர் கையில் இந்த நூல்கள் வெறும் விதிப்புத்தகங்களாகிவிடும்.

சரி, முதலில் எதைப் படிப்பது?

கீத் ஜான்ஸ்டோன் எழுதிய 'இம்ப்ரோ'. 1979இல் வந்தது. நீங்கள் இம்ப்ரோவ் செய்பவரானாலும் எழுதிய நாடகத்தில் நடிப்பவரானாலும் இந்தப் பதில் மாறாது.

ஜான்ஸ்டோன் லண்டனின் ராயல் கோர்ட் தியேட்டரில் நாடகப் பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்பவராகச் சேர்ந்து, பிறகு நடிகர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். பின்னாளில் கனடாவின் கால்கரி நகரில் லூஸ் மூஸ் நாடகக் குழுவை 1977இல் இன்னொருவரோடு சேர்ந்து தொடங்கினார். தியேட்டர்ஸ்போர்ட்ஸ் என்ற போட்டி வடிவமும் அவருடையதுதான். 2023இல் மறைந்தார்.

நூலில் நான்கு பெரிய பகுதிகள் உண்டு: அந்தஸ்து, தன்னியல்பு, கதைசொல்லும் திறன், முகமூடி. அந்தஸ்து பற்றிய முதல் பகுதிக்காக மட்டுமே இந்தப் புத்தகத்தை வாங்கலாம். பயிற்சியில் நடிகர்கள் பேசும் சாதாரண உரையாடல் ஏன் உண்மையாகவே ஒலிப்பதில்லை என்பது அவருடைய சிக்கல். கடைசியில் அவர் கொடுத்த கட்டளை மிக எளியது: கூட நடிப்பவரின் அந்தஸ்தைவிட உங்களுடையதைச் சற்றே மேலே, அல்லது சற்றே கீழே வைத்துக்கொள்ளுங்கள். 'சற்றே' என்பதுதான் முக்கியம். காட்சி அந்தக் கணமே உயிர்பெற்றது என்கிறார். இங்கே அந்தஸ்து என்றால் பதவியோ பணமோ இல்லை, ஒருவர் ஒவ்வொரு கணமும் உடலாலும் குரலாலும் செய்யும் ஒன்று. வேலைக்காரன் எஜமானனைவிட உயர்ந்த அந்தஸ்தில் நடக்கலாம். பேசும்போது தலையை அசைக்காமல் வைத்திருந்தால் அது ஏறுகிறது, அடிக்கடி முகத்தைத் தொட்டுக்கொண்டால் இறங்குகிறது. இதைப் படித்தபின் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் இரண்டு பேரைக்கூட முன்போலப் பார்க்க முடியாது.

கதை பற்றிய பகுதியையும் தாண்டிவிடாதீர்கள். இம்ப்ரோவ் செய்பவர் பின்னோக்கி நடப்பவரைப் போல இருக்க வேண்டும் என்கிறார் ஜான்ஸ்டோன். முன்னால் என்ன வரும் என்று அவர் பார்ப்பதில்லை, கடந்து வந்த இடம் மட்டும் கண்ணில் தெரிகிறது. ஆரம்பத்தில் போட்டு மறந்த ஒரு பொருளை, ஒரு பெயரை மறுபடி உள்ளே கொண்டுவரும்போது கதை தானாக மூடிக்கொள்கிறது. முகமூடிப் பகுதி எல்லோருக்கும் ஒத்துவராது. அனுபவமுள்ள வழிகாட்டி இல்லாமல் அதில் உள்ளதைச் செய்து பார்க்க வேண்டாம்.

வயோலா ஸ்போலின் தான் இதற்கெல்லாம் தாய் என்கிறார்களே, அவரிடமிருந்து தொடங்கக் கூடாதா?

வரலாற்றைப் பார்த்தால் அவர்தான் முன்னோடி. சிகாகோவில் புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளோடு வேலை செய்தபோது உருவாக்கிய விளையாட்டுகளை வளர்த்தெடுத்து, 1963இல் 'இம்ப்ரொவைசேஷன் ஃபார் த தியேட்டர்' நூலாக வெளியிட்டார். 1959இல் சிகாகோவில் செகண்ட் சிட்டி என்ற இம்ப்ரோவ் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் சில்ஸ் அவருடைய மகன். அமெரிக்க இம்ப்ரோவ் மரபின் பெரும்பகுதி அந்த விளையாட்டுகளிலிருந்து கிளைத்ததுதான்.

ஆனால் அது நாற்காலியில் உட்கார்ந்து படித்து முடிக்கும் நூல் இல்லை. சமையல் குறிப்புப் புத்தகத்தைப் போல, செய்துகொண்டே படிக்க வேண்டியது. இருநூறுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள் அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆடுபவர் மனத்தை எதில் நிறுத்த வேண்டும் என்று ஒரு குறி கொடுக்கிறார். கண்ணாடி விளையாட்டில் எதிரே நிற்பவரின் அசைவு, கண்ணுக்குத் தெரியாத பந்தை வீசும்போது அந்தப் பந்தின் எடை, இப்படி. கவனம் முழுவதும் அங்கே போய்விட்டால் 'நான் நன்றாகச் செய்கிறேனா' என்ற கவலைக்கு இடமே இருக்காது. ஆட்டத்தை நிறுத்தாமல் ஓரத்தில் நின்று ஆசிரியர் சின்னச் சின்னதாகக் குரல் கொடுக்கும் முறையும் அவர் வளர்த்ததுதான்.

முதல் அத்தியாயத்தை மட்டும் நிதானமாக உட்கார்ந்து படியுங்கள். ஆசிரியரின் பாராட்டுக்கும் கண்டனத்துக்கும் ஏங்கும் பழக்கம் எப்படி நம்மைச் செயலற்றவர்களாக்குகிறது என்பதை அங்கே அவர் சொல்வது, கற்பிக்கும் எவரும் மறக்கக் கூடாத விஷயம்.

ஒரு நூல் 'கேள்வி கேட்காதே, மறுக்காதே' என்கிறது. இன்னொன்று அந்த விதிகளையே தூக்கி எறி என்கிறது. எதை நம்புவது?

வரிசையாகப் படித்தால் இது முரண்பாடாகத் தெரியாது. டெல் க்ளோஸ், சார்னா ஹால்பெர்ன், கிம் ஜான்சன் மூவரும் சேர்ந்து 1994இல் வெளியிட்ட 'ட்ரூத் இன் காமெடி' சிறிய நூல். ஹெரால்ட் என்ற நீண்ட வடிவத்தை அது விளக்குகிறது. ஒரே சொல்லிலிருந்து பல காட்சிகள் கிளம்பி, இடையில் குழு விளையாட்டுகள் வந்து, பிறகு அந்தக் காட்சிகள் திரும்பி வந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். சிரிக்க வைக்க முயலாதே, உண்மையாக எதிர்வினை செய், சிரிப்பு தானாக வரும் என்பது அதன் சாரம்.

மிக் நேப்பியர் 2004இல் எழுதிய 'இம்ப்ரொவைஸ்: சீன் ஃப்ரம் த இன்சைட் அவுட்' அதற்கு எதிர்த் திசையில் போகிறது. சொதப்பிய காட்சிகளைப் பார்த்து, அவற்றில் பொதுவாக இருந்ததை விதியாக்கிவிட்டார்கள் என்பது அவர் வாதம். கேள்வி கேட்டதால் காட்சி கெடவில்லை. பயந்துபோன ஆள் கேள்வி கேட்டார், அந்தப் பயம்தான் கெடுத்தது. எனவே காட்சியின் முதல் நொடியில் உங்களுக்காக ஏதாவது ஒன்றைச் செய்துவிடுங்கள், ஒரு தோரணை, ஒரு குரல், எதுவானாலும் சரி, பிறகு அதை விடாதீர்கள் என்கிறார்.

புதிதாக வந்தவர் முதலில் க்ளோஸ், ஹால்பெர்ன் நூலைப் படிக்கட்டும். விதிகளை நன்றாகக் கடைப்பிடித்தும் காட்சிகள் சவசவ என்று இருக்கும் ஒரு காலம் எல்லோருக்கும் வரும். நேப்பியரை எடுக்க வேண்டிய நேரம் அதுதான்.

நகைச்சுவை மட்டுமே எங்கள் குழுவின் நோக்கம். எங்களுக்கென்று எதுவும் உண்டா?

அப்ரைட் சிட்டிசன்ஸ் பிரிகேட் குழுவினர் 2013இல் வெளியிட்ட கையேடு. முதலில் சாதாரணமான ஓர் உலகத்தை நிறுவு, அதில் முதன்முதலாகத் தட்டுப்படும் விநோதத்தைப் பிடி, 'இது உண்மையென்றால் வேறு என்னவெல்லாம் உண்மையாக இருக்கும்' என்று கேட்டுக்கொண்டே அதை உயர்த்து. மிகத் தெளிவான முறை. ஸ்கெட்ச் என்னும் சிறு நகைச்சுவைக் காட்சிகளை எழுதுபவர்களுக்கும் உதவும். ஆனால் இதை மட்டுமே படித்த குழுக்களின் காட்சிகளில் புத்திசாலித்தனம் மிகுந்து, மனிதர்கள் குறைந்துபோகும் அபாயம் உண்டு. பக்கத்திலேயே ஒரு நடிப்பு நூலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதி வைத்த நாடகங்களில் மட்டும்தான் நான் நடிக்கிறேன். எனக்கு ஏன் இம்ப்ரோவ் நூல்கள்?

இதற்கு மைக்கேல் செகாவ் 1953இலேயே பதில் சொல்லியிருக்கிறார். எழுத்தாளர் ஆன்டன் செகாவின் அண்ணன் மகன் அவர். மாஸ்கோ கலை அரங்கின் மாணவர், பிறகு அமெரிக்காவில் ஆசிரியர். 'டு த ஆக்டர்' என்ற நூலில், கொடுக்கப்பட்ட வசனமும் செயல்களும் உறுதியான தளம் மட்டுமே, அந்த வசனத்தை எப்படிச் சொல்கிறோம், அந்தச் செயலை எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் இம்ப்ரோவுக்கான கதவு திறந்திருக்கிறது என்கிறார். ஒவ்வொரு இரவும் அதே வசனம், ஆனால் ஒவ்வொரு இரவும் புதிதாகப் பிறக்கும் 'எப்படி'. பாத்திரத்தின் முழு வேட்கையையும் ஒரே உடலசைவில் திரட்டும் உளவியல் சைகைப் பயிற்சியும் இதே நூலில்தான் இருக்கிறது. இம்ப்ரோவ் செய்பவர்களுக்கும் அது பெரிய வரம். மூன்று நொடியில் ஒரு பாத்திரத்தை வரவழைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு நூல், நடிகர் வசிலி தொபோர்க்கோவ் எழுதிய 'ஸ்டானிஸ்லாவ்ஸ்கி இன் ரிஹர்சல்'. ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி 1938இல் இறப்பதற்கு முன் கடைசியாக எடுத்துக்கொண்ட வேலை, மோலியரின் 'தார்த்தூஃப்' ஒத்திகை. அதில் நடித்தவர் கண்ணால் பார்த்ததை எழுதியிருக்கிறார். நடிகர்கள் வசனத்தை மனப்பாடம் செய்யத் தடை. ஒரு குடும்பமாக அந்த வீட்டில் யாருக்கு எந்த அறை என்று பிரித்துக்கொண்டு, தங்கள் சொந்தச் சொற்களில் சூழலை வாழ்ந்து பார்த்துவிட்டுத்தான் நாடக ஆசிரியரின் சொற்களுக்கு வந்தார்கள். நடிப்பின் இலக்கணத்தை வகுத்தவர் என்று நாம் வணங்கும் மனிதர், கடைசிக் காலத்தில் போய்ச் சேர்ந்த இடம் இம்ப்ரோவ்தான்.

அப்படியானால் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியின் பெரிய நூல்களைப் படிக்க வேண்டாமா?

படியுங்கள், ஆனால் சரியான பதிப்பை எடுங்கள். 1936இல் எலிசபெத் ஹாப்குட் மொழிபெயர்த்த 'ஆன் ஆக்டர் பிரிப்பேர்ஸ்' மிகவும் புகழ்பெற்றது, ஆனால் சுருக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியான 'பில்டிங் எ கேரக்டர்' 1949இல்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் முதல் பாதியை மட்டும் படித்தவர்கள், அவர் உள்ளத்தை மட்டுமே பேசினார், உடலையும் குரலையும் மறந்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டார்கள். இரண்டு பகுதிகளையும் சேர்த்து ஜீன் பெனெடெட்டி செய்த மொழிபெயர்ப்பு 'ஆன் ஆக்டர்ஸ் வொர்க்' என்ற பெயரில் 2008இல் வெளியானது. இன்று தொடங்குபவர் அதையே வாங்கலாம்.

நூல் ஒரு மாணவனின் நாட்குறிப்பு வடிவில் போகிறது. கோஸ்த்யா என்ற மாணவனும் தோர்த்சோவ் என்ற ஆசிரியரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். நீளம்தான். ஆனால் 'இந்தச் சூழலில் நான் இருந்தால் என்ன செய்வேன்' என்ற அந்த ஒற்றைக் கேள்வியை அவர் எப்படி வளர்க்கிறார் என்று பார்ப்பதற்காகவே பொறுமையாகப் படிக்கலாம்.

நடிப்பு ஆசிரியர்களான மெய்ஸ்னர், ஊட்டா ஹேகன் இருவரில் யாரை முதலில் எடுப்பது?

இம்ப்ரோவ் செய்பவர் என்றால் மெய்ஸ்னர். 1987இல் வந்த 'சான்ஃபோர்ட் மெய்ஸ்னர் ஆன் ஆக்டிங்', அவருடைய ஒரே வகுப்பை பதினைந்து மாதங்கள் பின்தொடர்கிறது. எதிரில் இருப்பவரிடம் பார்த்ததைச் சொல்லி, அதையே இருவரும் மாற்றி மாற்றித் திருப்பிச் சொல்லும் பயிற்சி முதலில் சலிப்பாகத் தோன்றும். அப்புறம் சொற்கள் தேய்ந்துபோய் அடியில் உள்ள உணர்ச்சி வெளியே வரும். காதுகொடுத்துக் கேட்பது எப்படி என்று இதைவிட நேராகச் சொல்லும் நூல் இல்லை.

ஹேகனின் 'ரெஸ்பெக்ட் ஃபார் ஆக்டிங்' 1973இல் வந்தது. தனியாக வீட்டில் பயிற்சி செய்ய விரும்பும் நடிகருக்கு அது நல்ல துணை. அன்றாடச் செயல் ஒன்றை அப்படியே மேடையில் மறுபடி செய்து பார்க்கும் பொருள் பயிற்சிகள் அதன் உயிர். 1991இல் எழுதிய 'எ சேலஞ்ச் ஃபார் த ஆக்டர்' நூலில் தம் கருத்துகளை அவர் திருத்தி விரித்தார். இரண்டில் ஒன்றுதான் என்றால் பின்னதை எடுங்கள்.

மேடையில் போய் நின்றதும் உறைந்துவிடுகிறேன். இதற்கு ஏதாவது நூல் உண்டா?

டெக்லன் டோனெலனின் 'த ஆக்டர் அண்ட் த டார்கெட்'. முழு நூலும் இந்தச் சிக்கலுக்காகவே எழுதப்பட்டது. உறைந்த நடிகர் சொல்லும் வாக்கியங்களை அவர் கூர்ந்து பார்க்கிறார்: 'நான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை', 'எனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.' எல்லாவற்றிலும் 'நான்' நடுவில் உட்கார்ந்திருக்கிறது. கவனம் நம்மை விட்டு வெளியே, பார்க்க ஏதோ ஒன்று இருக்கும் இடத்துக்குப் போனால் உடல் தானே அசையத் தொடங்கும். ஸ்போலின் விளையாட்டின் வழியாகச் சொன்னதை டோனெலன் ஷேக்ஸ்பியரின் ஜூலியட்டை வைத்துச் சொல்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் இரண்டும் நன்றாக விளங்கும்.

குரல், உடல் பற்றி?

குரலுக்கு சிசிலி பெரியின் 'வாய்ஸ் அண்ட் த ஆக்டர்' அல்லது கிறிஸ்டின் லிங்க்லேட்டரின் 'ஃப்ரீயிங் த நேச்சுரல் வாய்ஸ்', ஏதாவது ஒன்று போதும். இரண்டின் பயிற்சிகளையும் கலந்து செய்தால் குழப்பம்தான் மிஞ்சும். உடலுக்கு ழாக் லெகோக்கின் 'த மூவிங் பாடி'.

தமிழில் படிக்க என்ன இருக்கிறது?

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியலில் தொடங்குங்கள். தேர்வுக்குப் படித்து மறந்த பகுதியாக இருக்கலாம். இந்த முறை நடிகராக அதைத் திறந்து பாருங்கள். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகள். அதோடு நிற்காமல், ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணங்களைத் தொல்காப்பியர் தருகிறார். அழுகை இளிவிலிருந்து வரலாம், இழவிலிருந்து வரலாம், அசைவிலிருந்து, அதாவது முன்பிருந்த நிலை கெட்டுத் தளர்வதிலிருந்து, வறுமையிலிருந்து வரலாம். அவமானப்பட்டவர் அழுவதும் ஒருவரை இழந்தவர் அழுவதும் உடலில் ஒன்றாக இருக்குமா? மருட்கைக்குப் புதுமையும் பெருமையும் மட்டும் காரணமில்லை, சிறுமையும் காரணம் என்கிறார். மிகச் சிறிய ஒன்றைக் கண்டு வியந்து நிற்கும் ஒருவரை மேடையில் நினைத்துப் பாருங்கள். முப்பத்திரண்டு காரணங்களையும் துண்டுச்சீட்டில் எழுதி, ஒன்றை எடுத்து அதிலிருந்து காட்சியைத் தொடங்கினால், 'சோகமாக நடி', 'கோபமாக நடி' என்ற மொட்டைக் கட்டளைகள் எவ்வளவு வறண்டவை என்று புரியும். உரையோடு படியுங்கள், பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியரின் உரை கிடைத்தால் இன்னும் நல்லது.

அடுத்து இரண்டு தன்வரலாறுகள். 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்', சங்கரதாஸ் சுவாமிகளிடம் சிறுவனாகப் பயின்ற தி.க. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை'. பயிற்சி முறை இவற்றில் வகுத்துச் சொல்லப்பட்டிருக்காது. ஒரு நடிகர் மேடையில் எதிர்பாராததை எப்படிச் சமாளித்தார், கூட நடிப்பவரை எப்படிப் பார்த்தார் என்பது பக்கத்துக்குப் பக்கம் கிடைக்கும்.

கதை, நாடகம் படிப்பது பயிற்சியில் சேருமா?

கட்டாயம் சேரும். இம்ப்ரோவ் செய்பவர்களில் பலர் இம்ப்ரோவ் பற்றி மட்டுமே படிப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. மேடையில் எடுத்துப் போட உள்ளே மனிதர்கள் இருக்க வேண்டாமா?

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை ஜான்ஸ்டோனின் அந்தஸ்துப் பகுதியைப் படித்த கையோடு படியுங்கள். கடவுள் எதிரே வந்து நிற்கிறார். பிள்ளையோ அவரைத் தம் பத்திரிகைக்குச் சந்தாதாரராக்கப் பார்க்கிறார். பேச்சுக்குப் பேச்சு யார் மேலே ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போகலாம். பிறகு இருவராக நின்று சத்தமாக வாசியுங்கள். நாடகங்களில் ஆன்டன் செகாவையும் ஹெரால்ட் பின்டரையும் இதே போல வாசிக்கலாம். பின்டரிடம் மௌனம்கூட அந்தஸ்தை மாற்றும்.

ஒரு நூலை எப்படிப் படித்தால் மேடைக்கு வரும்?

ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு யோசனை. அதற்கு மேல் வேண்டாம். இந்த வாரம் அந்தஸ்து என்றால், ஒத்திகையில் அதை மட்டும் பாருங்கள். மற்ற எல்லாம் சொதப்பினாலும் பரவாயில்லை. காட்சி நடக்கும்போது புத்தகத்தை நினைக்கவே கூடாது. நினைத்தால் உங்கள் கண் உடன் நடிப்பவரை விட்டு உங்கள் தலைக்குள் போய்விடும். காட்சிக்கு முன் படியுங்கள், காட்சிக்குப் பின் பேசுங்கள்.

குழுவாகப் படிப்பது இன்னும் நல்லது. ஆனால் படித்தவர் படிக்காதவரைத் திருத்தும் ஆயுதமாக நூல் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'நீ என் யோசனையை மறுத்துவிட்டாய்' என்று ஒருவரை ஒருவர் குற்றம் சாட்டத் தொடங்கினால், அந்தக் குழுவில் துணிச்சலாக எதையும் செய்ய யாரும் முன்வர மாட்டார்கள்.

கோட்பாட்டு நூல்கள் அவசியமா?

அவசரமில்லை. பீட்டர் புரூக்கின் 'த எம்ப்டி ஸ்பேஸ்' மட்டும் விதிவிலக்கு. வெற்றிடம் ஒன்று, அதைக் கடந்து போகும் ஒருவர், அவரைப் பார்க்கும் இன்னொருவர், நாடகத்துக்கு இதுவே போதும் என்று 1968இல் அவர் எழுதிய தொடக்கம், செட்டும் வசனமும் இல்லாமல் மேடையேறும் எவருக்கும் தெம்பு தரும். உணர்ச்சிவசப்படாத நடிகரே பெரிய நடிகர் என்று வாதிடும் பிரெஞ்சுத் தத்துவவாதி திதரோவின் நூலை, ஸ்டானிஸ்லாவ்ஸ்கியைப் படித்து முடித்தபின் எடுங்கள். அப்போதுதான் சண்டை சுவாரசியமாக இருக்கும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தப் பட்டியலில் எனக்கு எது?

ஸ்போலின் ஆசிரியர்களுக்கென்றே எழுதிய 'தியேட்டர் கேம்ஸ் ஃபார் த கிளாஸ்ரூம்'. வகுப்புக்கு ஏற்றபடி விளையாட்டுகளை வரிசைப்படுத்தியிருக்கிறார். அதோடு அகஸ்தோ போவாலின் 'கேம்ஸ் ஃபார் ஆக்டர்ஸ் அண்ட் நான்-ஆக்டர்ஸ்' நூலிலிருந்து சிலவற்றைச் சேர்க்கலாம். உடலைப் பொம்மைபோல வடித்துக் காட்சி அமைக்கும் விளையாட்டுகள் பேசக் கூச்சப்படும் பிள்ளைகளையும் உள்ளே இழுத்துவிடும். தொடக்க வாரங்களில் யாரையும் தனியாக முன்னால் நிறுத்தாதீர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் ஆடும் விளையாட்டுகளையே எடுங்கள்.